வாழைக்கும் வலைக்கும் நடுவே

1

2024 நவம்பர் 1, வெள்ளிக்கிழமை. ஐந்தோவன், நெதர்லாந்து.

ஆறரைக்கு எழுந்தேன். வெளியே இருட்டு, மழை இல்லை. ஜன்னலுக்கு வெளியே தொங்கும் வெப்பமானியில் ஒன்பது. அதை டைரியில் குறித்தேன். வெள்ளிக்கிழமை என்பதால் சைக்கிள் டயருக்குக் காற்றடித்தேன். பழைய காகிதங்களைக் கட்டி நீல மூடித் தொட்டியில் போட்டேன். நேற்றைய தீபாவளி முறுக்கில் மிஞ்சியதை என் மனைவி சுகந்தி ஒரு டப்பாவில் அடைத்து, "இத ஆபீசுல குடுங்க. இங்க இருந்தா நீங்களே தின்னு தீத்துருவிய" என்றாள். நான் இன்று விடுப்பு என்பதை மறந்திருந்தாள். அல்லது மறந்ததுபோல் நடந்துகொண்டாள். மார்த்தாண்டத்துக்காரி, கவலை வந்தால் டப்பா அடைப்பாள்.

ஊரில் இன்று குமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்த நாள். விடுமுறை. ஆனால் வடசேரியில் நோட்டு, பேனா, பரிசுப்பொருள் விற்கும் என் அக்கா விடுமுறையன்றும் கடை திறப்பாள். ஒவ்வோர் ஆண்டும் இந்த நாளில் அவளுக்குப் போன் செய்வது வழக்கம். செய்தேன்.

"ஏலே, கொரலு ஒரு மாதிரி கெடக்கே. எண்ணெ தேச்சுக் குளிச்சியா?"

"குளிச்சேன் அக்கா. இன்னைக்கு எழிலுக்கு ஆபீசுல ஒரு விசாரணை இருக்கு."

"விசாரணையா? பிள்ள என்ன களவா செஞ்சா?"

"அவ செய்யல. என் வாழைய ஒருத்தன் களவாண்டுட்டான். அதுல இவ போயி மாட்டிக்கிட்டா."

அக்காவின் கடையில் யாரோ கோந்து கேட்கும் சத்தம் கேட்டது.

"ஹாலந்துல ஒனக்கு எங்கலே வாழை?"

2

அக்காவிடம் சொன்னதையே இங்கும் சொல்கிறேன்.

கணினிக்கு நிரல் எழுதுகிறவர்கள் எல்லாவற்றையும் தாங்களே எழுதுவதில்லை. தேதியைச் சரிபார்க்க ஒன்று, படத்தைச் சுருக்க ஒன்று என்று பிறர் எழுதிய சின்னச் சின்ன நிரல்களை எடுத்துக் கோத்துக்கொள்வோம். இவற்றுக்குப் பேக்கேஜ் என்று பெயர். இலவசமாக அடுக்கி வைத்த பெரிய பொதுக் கிடங்கு ஒன்று இணையத்தில் இருக்கிறது. கணினியில் ஒரு வரி தட்டினால், அதாவது வேண்டிய பேக்கேஜின் பெயரைத் தட்டினால், அது வந்து நம் கணினியில் உட்கார்ந்துகொள்ளும். பார்க்க வேண்டியதில்லை, முகர வேண்டியதில்லை, விலை பேச வேண்டியதில்லை. பெயர் போதும்.

அந்தக் கிடங்கில் எனக்கும் ஒன்று உண்டு. பெரிய பட்டியலைக் குலையாக எடுத்துச் சீப்புச் சீப்பாகவும், சீப்பைக் காய் காயாகவும் பிரிக்கும் சிறு நிரல். அதனால் வாழை என்று பெயர் வைத்தேன். ஆங்கில எழுத்தில் vazhai. விளக்கக் குறிப்பின் கடைசி வரியில், வடசேரிச் சந்தையில் மட்டிப்பழக் குலையைச் சீப்பாக வெட்டுவதைக் காட்டித் தந்த என் அக்காவுக்கு நன்றி என்றும் எழுதியிருந்தேன்.

சென்ற மாதம் யாரோ ஒருவன் அதே கிடங்கில் valai என்ற பெயரில் ஒரு பேக்கேஜை வைத்தான். தமிழில் வாசித்தால் வலை. அவனுக்குத் தமிழ் தெரிந்திருக்குமா என்று தெரியாது. தெரிந்து செய்திருந்தால் இன்னும் கேவலம். என் நிரலை அப்படியே நகல் எடுத்திருந்தான். ஆகவே அது குலையைச் சீப்பாக்கியது. எந்தக் குறையும் இல்லை. கூடவே இன்னொன்றையும் செய்தது. கணினியில் நிறுவப்படும் அந்த நிமிடமே, யாரும் அதைத் திறந்து இயக்காமலே, தானாக ஓடி அங்கே இருந்த கடவுச்சொற்களையெல்லாம் திரட்டி வெளியே அனுப்பியது.

நிறுவும்போதே ஓடுவதற்கு அனுமதி கொடுத்தது திருடன் அல்ல, கிடங்கின் கருவி. அது பிழை என்று பலர் பல காலமாகச் சொல்லிவருகிறார்கள். வசதிக்காக வைத்திருக்கிறோம் என்பது பதில். கடையிலிருந்து வாங்கி வந்த பையை மேசைமேல் வைத்ததும் அது எழுந்து போய் பீரோவைத் திறக்கலாம். அதற்குப் பெயர் வசதி. இந்தத் தொழிலில் இருப்பதற்கு எனக்கு வெட்கமாக இருக்கிறது.

போலிப் பக்கத்தைக் கடைசி வரைக்கும் படித்தேன். மட்டிப்பழ வரியும் அங்கே இருந்தது. என் அக்காவுக்கு அந்தத் திருடனும் நன்றி சொல்லியிருந்தான். எழுந்து போய்க் கை கழுவினேன்.

இதைக் கேட்டதும் அக்கா சொன்னாள்: "சவத்துப் பய! எனக்கு நன்றி சொல்லுகதுக்கு அவன் யாருலே? அது போட்டும். நீ வாழைக்குப் போர்டு எழுதி வச்சியே, வேலி போட்டியா?"

3

என் மகள் எழிலுக்கு இருபத்துமூன்று வயது. உட்ரெக்ட் நகரத்தில், வீடுகளுக்குச் சென்று முதியவர்களைப் பார்க்கும் செவிலியர்களுக்கு அன்றன்றைய பட்டியல் தயாரித்துத் தரும் ஒரு சிறு நிறுவனத்தில் வேலை. முதல் வேலை. ஓராண்டு ஒப்பந்தம். அதை நீட்டிப்பதா வேண்டாமா என்று இந்த மாதம் முடிவு செய்வார்கள்.

பத்து நாட்களுக்கு முன் அவளுக்கு ஒரு பெரிய பட்டியலைப் பிரிக்க வேண்டியிருந்தது. அப்பாவின் பேக்கேஜ் நினைவுக்கு வந்திருக்கிறது. பெயரைத் தட்டினாள். வேலை நடந்தது. இரண்டு நாள் கழித்து நிறுவனத்தின் காவல் மென்பொருள், ஏதோ ஒன்று வெளியே பேசுகிறது என்று கண்டுபிடித்தது. எல்லாக் கடவுச்சொற்களையும் மாற்றினார்கள். அதற்காக ஒரு பகல் முழுக்கப் பட்டியல் சேவையை நிறுத்தினார்கள். செவிலியர்கள் அலுவலகத்துக்குப் போன் செய்து அடுத்த வீடு எது, அடுத்த வீடு எது என்று கேட்டுக் கேட்டுப் போயிருக்கிறார்கள். நல்லவேளை, யாருக்கும் எதுவும் ஆகவில்லை.

விசாரணை அறிக்கையின் முதல் வரைவு அவளுக்கு வந்தது. காரணம் என்ற தலைப்புக்குக் கீழே ஒரே வரி: "ஊழியரின் அலட்சியம். தேவையான பேக்கேஜுக்குப் பதிலாக, முற்றிலும் வேறு பெயர் கொண்ட ஒன்றை நிறுவினார்." அந்த வரி அப்படியே நின்றால் ஒப்பந்தம் நீளாது. அதை அவளுடைய மேலாளர் யெரூன் மறைக்காமல் சொல்லியிருக்கிறார்.

அவள் எனக்குப் போன் செய்தாள்.

"அப்பா, நான் உங்க வாலைதான் போட்டேன்."

"என்ன போட்டே மக்கா? எழுத்துக்கூட்டிச் சொல்லு."

"வி, ஏ, எல், ஏ, ஐ."

"இசட் எச் எங்க?"

"அது எதுக்குப்பா? எல்தானே."

எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுத முடியாது. திருடன்மேல் வந்த அருவருப்பில் பாதி அவள்பக்கம் திரும்பியது உண்மை. இந்த எல் இன்று நேற்று வந்ததில்லை. அவள் பிறந்தபோது நகராட்சி அலுவலகத்தில், zh என்பது இரண்டு எழுத்து இல்லை, எங்களுக்கு ஒரே எழுத்து என்று அரைகுறை டச்சில் வாதாடி, Ezhil என்று பதிந்துவிட்டு வந்தவன் நான். அங்கிருந்த பெண்மணி ஒவ்வோர் எழுத்தாகத் திரும்பச் சொல்லச் சொல்லித் தட்டினாள். அப்படி வாங்கிக் கொடுத்த பெயரை இவள் பத்து வயதில் Elil ஆக்கிக்கொண்டாள். பள்ளி நோட்டில், மின்னஞ்சலில், கடைசியில் வாயிலும். எழில் எலில் ஆனது. பழம் பலம் ஆனது. நான் திருத்தினேன். அவள் தோளைக் குலுக்கினாள். பிள்ளைகள் இப்படித்தான் விலகிப்போகும் என்று இங்குள்ள நண்பர்கள் சொன்னார்கள். சோம்பேறித்தனம் என்று நான் டைரியில் எழுதினேன்.

4

போலியை எடுக்கச் சொல்லிக் கிடங்குக்குப் புகார் அனுப்பினேன். புகாருக்கு ஒரு படிவம். பெயர் எந்த மொழிச் சொல் என்று கேட்டது. பட்டியலில் தமிழ் இல்லை. "மற்றவை" என்பதைத் தேர்ந்தேன். மறுநாள் பதில் வந்தது. இரண்டு பெயர்களையும் ஒப்பிட்டுப் பார்த்ததாகவும், ஓர் எழுத்து வேறுபாடு இருந்தால்தான் குழப்பம் தரும் பெயராகக் கொள்வதாகவும், இங்கே இரண்டு எழுத்துகள் வேறுபடுவதால் நடவடிக்கை இல்லை என்றும் எழுதியிருந்தார்கள். சமூகத்தைப் பாதுகாக்க உதவியதற்கு நன்றியாம்.

zh போய் l வந்தால் கணினிக்கு இரண்டு எழுத்து. தமிழனுக்கு ஒன்று. அந்த ஒன்றைத் தமிழ்நாட்டிலேயே பாதிப் பேர் தவறவிடுகிறார்கள். குமரி மாவட்டத்துக்காரன் பேசினால் பாட்டுப் பாடுகிறான் என்று கல்லூரி விடுதியில் என்னைக் கேலி செய்தவர்கள் எல்லாரும் வாளப்பளம் தின்றவர்கள். எங்களுக்கு மலையாளம் பக்கத்தில் இருந்ததாலோ என்னவோ, ழ தேயாமல் இருக்கிறது. அந்தக் கேலிக்கு நான் சொல்லும் ஒரே பதில் அதுதான்.

இதையெல்லாம் படிவத்தின் இரண்டாவது சுற்றில் எழுதினேன். சாட்சிக்கு ஒரு சம்பவத்தையும் சேர்த்தேன். சென்ற ஆண்டு ஊருக்குப் போனபோது எழில் தனியாக வடசேரிச் சந்தைக்குப் போனாள். பழக்கடையில் நின்று, "வாளை ஒரு கிலோ வேணும்" என்றிருக்கிறாள். அன்று ளகரம் வரை வந்திருந்தாள், அத்தை வீட்டில் ஒரு வாரம் தங்கிய பலன். கடைக்காரர் தலைக்குமேல் மட்டிக்குலையும் செந்துளுவன் குலையும் தொங்கிக்கொண்டிருக்க, "வாளைக்கு மீன் சந்தைக்குப் போணும் மக்கா. இது பழக்கட" என்று வழி காட்டியிருக்கிறார். வாளை எங்கள் கடலில் நீளமாக, வெள்ளிப் பட்டைபோல இருக்கும் மீன். இவளும் நம்பி, மீன் சந்தைவரை நடந்து போய்விட்டு வெறுங்கையோடு திரும்பி வந்தாள். அக்கா இன்றுவரை அதைச் சொல்லிச் சிரிக்கிறாள்.

இவ்வளவும் எழுதி அனுப்பினேன். அதே பதில் வந்தது. அதே சொற்கள், அதே நன்றி. யாரும் படிக்கவில்லை. படிக்க அங்கே யாரும் இல்லை.

5

பிற்பகல் இரண்டு மணிக்கு விசாரணை, காணொளியில். vazhai எழுதியவன் என்ற முறையில் என்னையும் அழைத்திருந்தார்கள். திரையில் நான்கு கட்டங்கள்: யெரூன், பாதுகாப்பு அதிகாரியான ஒரு நடுவயதுப் பெண், எழில், நான். சுகந்தி என் மேசைக்குப் பின்னால், கேமராவில் படாத இடத்தில் நின்றாள்.

யெரூன் கத்துகிறவர் இல்லை. தெளிவாகக் கேட்டார்.

"எளிய கேள்விதான். இந்த இரண்டு பெயர்களையும் பாருங்கள். எனக்கு இவை தொடர்பே இல்லாத இரண்டு சொற்கள். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு எப்படிப் போனாய்?"

நான் கையை உயர்த்திப் பேச ஆரம்பித்தேன். மூன்று பக்கம் தயாரித்து வைத்திருந்தேன். நாக்கு எங்கே மடியும், எந்தெந்த மாவட்டத்தில் அது மடியாது, ஆங்கில எழுத்தில் அதை ஏன் zh என்று எழுதுகிறோம் என்று வரிசையாகச் சொன்னேன். முதல் பக்கத்திலேயே வழுக்கினேன். டச்சில் கசிவுக்கு லெக், ருசிக்கு லெக்கர். "இந்த ருசிக்கு என் மகள் காரணமல்ல" என்று அழுத்தம்திருத்தமாகச் சொல்லிவிட்டேன். பாதுகாப்பு அதிகாரி உதட்டைக் கடித்துக்கொண்டார். பின்னால் சுகந்தி, "எளவே" என்று முணுமுணுத்தாள். மீன் சந்தைக் கதையை அடைந்தபோது யெரூன் கடிகாரத்தைப் பார்ப்பதைக் கண்டேன்.

"அப்பா, போதும்" என்றாள் எழில் தமிழில். பிறகு டச்சில், "யெரூன், என் மேசைமேல் இருக்கும் பெயர் அட்டையில் என்ன எழுதியிருக்கிறது?" என்று கேட்டாள்.

"Elil."

"ஒப்பந்தத்தில்?"

அவர் தேடி எடுத்தார். "Ezhil. எழுத்துப் பிழை என்று நினைத்திருந்தேன்."

"அதை வேகமாக வாசியுங்கள். சின்னப் பையன் வாசிப்பதுபோல."

யெரூன் வாசித்தார். இரண்டாவது அசையில் நின்றார். முகம் சிவந்தது.

டச்சில் ezel என்றால் கழுதை.

"ஐந்தாம் வகுப்பு முழுக்க அதுதான் என் பெயர்" என்றாள் எழில். யாருடைய வரலாற்றையோ சொல்வதுபோலச் சொன்னாள். "ஆசிரியர் வருகைப் பதிவு வாசிக்கும்போது பின்வரிசையிலிருந்து கழுதை கத்தும் சத்தம் வரும். தினமும். நானே ஒருநாள் zh-ஐ அடித்து l போட்டேன். சத்தம் நின்றது. அன்றிலிருந்து zh எங்கே வந்தாலும் என் கை l தட்டும். யோசித்துத் தட்டுவதில்லை. நான் வேறு பெயருக்குப் போகவில்லை, யெரூன். என் அப்பாவின் பெயரைத்தான் தட்டினேன். நான் அதை எழுதும் விதம் இதுதான்."

நான் என் மூன்று பக்கங்களைக் கவிழ்த்து வைத்தேன்.

பாதுகாப்பு அதிகாரிதான் முதலில் பேசினார். "அப்படியானால் இது அலட்சியம் இல்லை. இப்படி ஒரு கை இருக்கும் என்று அந்தத் திருடன் கணக்குப் போட்டிருக்கிறான். நாம் போடவில்லை. பெயரைத் தட்டியதும் எதை வேண்டுமானாலும் நிறுவ விடுகிற கணினியை அவளிடம் கொடுத்தது நாம்தான். நாமே சரிபார்த்து வைத்த பட்டியலிலிருந்து மட்டும் எடுக்கும்படி செய்திருந்தால், வலை வந்தே இருக்காது. அறிக்கையில் அதை எழுதுங்கள்."

யெரூன் அறிக்கையின் வரைவைத் திறந்தார். பிறகு சொன்னார்: "அந்த வரியை எடுத்துவிடுகிறேன். எழில்..." நிறுத்தி, எங்கள் எழுத்தைச் சொல்ல முயன்றார். என்னவோ வந்தது. "ஒப்பந்தத்தைத் திங்கட்கிழமை கையெழுத்துக்கு அனுப்புகிறேன்."

6

ezel என்ற சொல் எனக்கு இந்த நாட்டுக்கு வந்த முதல் மாதமே தெரியும். பண்ணை ஒன்றின் வேலியில் எழுதியிருந்ததைப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். Ezhil என்று நகராட்சியில் எழுத்தெழுத்தாகச் சொன்னவனும் நான்தான். இத்தனை ஆண்டுகளில் இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தோன்றவில்லை. எனக்கு அவை தொடர்பே இல்லாத இரண்டு சொற்கள்.

திரையை மூடிவிட்டு சுகந்தியைப் பார்த்தேன். அவள் முகத்தில் ஆச்சரியம் இல்லை.

"ஒனக்குத் தெரியுமா?"

"தெரியும். அப்பவே எங்கிட்ட வந்து அழுதா."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"அவதான் சொல்லாதன்னா. ஒங்ககிட்ட சொன்னா நீங்க நேரா பள்ளிக்கூடத்துக்குப் போயி, அந்தப் பிள்ளையள வரிசையா நிக்க வச்சு ழானா சொல்லிக்குடுத்துருவியளேன்னு பயந்தா." சிரிப்பை அடக்கிக்கொண்டு, "செஞ்சிருப்பிய" என்றாள்.

செய்திருப்பேன்.

மாலை ஐந்தேமுக்காலுக்கே இருட்டிவிட்டது. முறுக்கு டப்பாவை நாங்கள் இருவரும் சேர்ந்து முடித்தோம். அக்காவுக்கு, பிள்ளைக்கு வேலை தப்பியது என்று செய்தி அனுப்பினேன். அவள் ஒரு மீன் படம் அனுப்பினாள்.

பிறகு கிடங்கிலிருந்து கடிதம் வந்தது. எழிலின் நிறுவனம் தன் பெயரில் அனுப்பிய அறிக்கைக்கு உடனே பலன் கிடைத்திருக்கிறது. நான் இரண்டு முறை அழுது எழுதியதற்குக் கிடைக்காத பலன், ஒரு கம்பெனியின் முத்திரைக்குக் கிடைத்தது. valai அகற்றப்பட்டது. நல்லது என்று கீழே படித்தேன். கடைசி வரி இது: "விதிகளின்படி இந்தப் பெயர் நாளை காலை முதல் மீண்டும் பொதுப் பயன்பாட்டுக்குக் கிடைக்கும்."

இரண்டு முறை படித்தேன். புரிந்துகொள்ள அல்ல, நம்புவதற்கு. பெயரில்தான் திருட்டே. அந்தப் பெயரைக் கழுவித் துடைத்து, அடுத்து வருகிறவனுக்கு வாசலில் வைக்கிறார்கள். சுகந்திக்கு வாசித்துக் காட்டினேன்.

"அப்பம் அதே எடத்துல இன்னொருத்தன் வந்து குத்தவைக்கலாமா?"

"தாராளமா."

"த்தூ" என்றாள். வேறு எந்தச் சொல்லும் எனக்கும் தோன்றவில்லை.

மறுநாள் சனி. எழுந்ததும் வெப்பமானியைப் பார்க்கவில்லை. கணினியைத் திறந்து, கிடங்குக்குள் போய், valai என்ற பெயரை நானே எடுத்தேன். உள்ளே நிரல் எதுவும் வைக்கவில்லை. யாராவது நிறுவ முயன்றால் உடனே நின்று, நீங்கள் தேடுவது vazhai, அது இங்கே இருக்கிறது என்று வழி சொல்லும் ஒரே வரி. பழக்கடைக்காரர் செய்ததைத் திருப்பிச் செய்கிறது. மீன் சந்தையிலிருந்து பழக்கடைக்கு அனுப்புகிறது. உரிமையாளர் பெயர் கேட்டது. என் பெயரை எழுதினேன். எனக்கு ஏதாவது ஆனால் பார்த்துக்கொள்ள இரண்டாவது உரிமையாளர் பெயரும் கேட்டது. E என்று தட்டினேன். என் விரல் பழக்கத்தில் z-க்குப் போனது. எடுத்துவிட்டு, அவள் எழுதுகிறபடியே எழுதினேன்: Elil.